சாலமான்காவின் ஆசிரியர்கள்

இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் கடற்கரைக்கு வந்த புனித சவேரியாரைப் பற்றியே எழுதுவேன் என்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். அவர் 1542-இல் முத்துக்குளித்துறையில் கால் வைத்ததும், மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்ததும் இம்மலரைப் படிப்போர் பாட்டிமார் வாயிலாகவே கேட்டு வளர்ந்தவை. அவற்றை விடுத்து, அவருடைய தாய்வழி உறவினர் ஒருவர் பாடம் சொன்ன ஸ்பெயின் நாட்டுச் சாலமான்கா பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதப் புகுகிறேன். இப்பணி எனக்குக் கடமை, பேறும்கூட.

லெயோன் நாட்டு மன்னர் ஒன்பதாம் அல்போன்சோ 1218-இல் நிறுவிய கல்விக்கூடம் அது. அவருடைய பேரர், ‘அறிஞர்’ எனப் பெயர் பெற்ற பத்தாம் அல்போன்சோ, 1254-இல் ஆசிரியர் பதவிகளை வகுத்து ஊதியம் நிர்ணயித்தார். நூல்களைப் பேணுவதற்கும் சம்பளம் பெறும் ஓர் ஆளை அமர்த்தினார். மறு ஆண்டு திருத்தந்தை நான்காம் அலெக்சாண்டரின் ஏற்பு கிடைத்தது. அதே பத்தாம் அல்போன்சோவின் ‘ஏழு பகுதிகள்’ என்னும் சட்டத் தொகுப்பில் கல்விக்கூடங்களுக்கென ஒரு தனித் தலைப்பு உண்டு. கல்வி நிலையம் அமையும் ஊரில் நல்ல காற்று வேண்டும். அப்பமும் திராட்சை இரசமும் மலிவாகக் கிடைக்க வேண்டும். படித்துக் களைத்த கண்ணோடு மாலையில் வெளியே வருவோர் உலாவுவதற்கு அழகிய புறநகர் வேண்டும் என்று அது விதிக்கிறது. ஓர் அரசன் சட்டம் எழுதும்போது மாணவரின் கண்களை நினைத்தான் என்பதைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

சாலமான்காவில் பல்கலைக்கழகத் தலைவர் மாணவரிடையே இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆசிரியப் பதவி காலியானால் போட்டியாளர்கள் பொதுவில் பாடம் நடத்திக் காட்டுவர், மாணவர் வாக்களிப்பர். இதில் கையூட்டும் கட்சிச் சண்டையும் புகுந்ததால் 17-ஆம் நூற்றாண்டில் அவ்வுரிமை பறிபோனது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 5,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தனர். பிரபுக்களின் மைந்தரும், மடங்களின் வாசலில் வாங்கிய கஞ்சியால் காலம் தள்ளிய ஏழைகளும் அவர்களில் இருந்தனர். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் உடனே வீடு திரும்பலாகாது. முற்றத்துத் தூண் ஒன்றின் அருகே நின்று, ஐயம் கேட்போர் அனைவருக்கும் விடை சொல்லியே தீரவேண்டும். இது வெறும் வழக்கம் அன்று, விதி. சாலமான்காவின் பெருமை முழுவதும் அந்தத் தூணடியிலிருந்து கிளைத்தது என்பது என் துணிபு.

அத்தகைய ஆசிரியருள் தலையாயவர், புனித சாமிநாதர் சபைத் துறவி பிரான்சிஸ்கோ தே வித்தோரியா. பாரிசில் கற்று, 1526-இல் இறையியலின் முதன்மைப் பதவியை வென்ற இவர், பீட்டர் லொம்பார்டின் தொகுப்புக்குப் பதிலாகப் புனித தோமா அக்குவினாவின் இறையியல் பெருநூலைப் பாடநூலாக்கினார். தம் வாழ்நாளில் தம் விரிவுரை எதையும் அவர் அச்சிடவில்லை. அவருடைய சிந்தனை நம்மை எட்டியது மாணவர் எழுதிக்கொண்ட குறிப்புகளால்தான். அக்குறிப்புகளைத் தேடியெடுத்து ஒப்புநோக்கிப் பதிப்பித்த அருட்தந்தை பெல்த்ரான் தே எரெதியா போன்ற 20-ஆம் நூற்றாண்டு ஆய்வாளரின் பொறுமை வணக்கத்துக்குரியது.

பெரு நாட்டு மன்னர் அதாவால்பா 1533-இல் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, அச்செயல்களை எண்ணினாலே தம் உடலில் இரத்தம் உறைகிறது என்னும் கருத்தில் வித்தோரியா தம் சபைத் தலைவர் ஒருவருக்கு மடல் எழுதினார். 1539-இல், பல்கலைக்கழகம் முழுவதும் கூடிக் கேட்கும் பேருரையில் இக்கேள்வியை வெளிப்படையாக எடுத்தார்: ஸ்பானியர் வருமுன் அமெரிக்க மக்கள் தம் நிலத்துக்கும் உடைமைக்கும் உண்மையான உரிமையாளரா? ஆம் என்றார். பேரரசர் உலகம் முழுமைக்கும் தலைவர் அல்லர். திருத்தந்தைக்கு உலகெங்கும் உலகியல் அதிகாரம் இல்லை. நற்செய்தியை ஏற்க மறுத்தார்கள் என்பதும் போருக்கு நீதியான காரணம் ஆகாது. பேரரசர் ஐந்தாம் சார்லசின் ஆட்சியில், அவருடைய பல்கலைக்கழகத்திலேயே ஒரு துறவி சொன்னவை இவை. அவ்வாண்டு நவம்பரில் பேரரசர், வித்தோரியா வாழ்ந்த புனித ஸ்தேவான் மடத்தின் தலைவருக்குக் கடிதம் விடுத்தார்: இப்பொருளை விவாதிக்கலாகாது, எழுதியவற்றைத் திரட்டி அனுப்ப வேண்டும். ஆயினும் உரைகள் அழியவில்லை. வித்தோரியா இறந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1557-இல், லியோன் நகரில் அச்சேறின.

அதே உரையில் வித்தோரியா வேறு சில நியாயங்களையும் வகுத்தார் என்பதை மறைக்கலாகாது. பயணம் செய்யவும் வணிகம் செய்யவும் நற்செய்தி சொல்லவும் உரிமை உண்டு. அதைத் தடுத்தால் போர் நியாயமாகலாம் என்றார். வெற்றி கொண்டோர்க்கு அது பின்வாசல் திறந்தது என்று இக்கால ஆய்வாளர் பலர் குறை கூறுகின்றனர். அக்குறையில் உண்மை உண்டு. எனினும் வென்றவரின் நாட்டிலேயே, வெல்லப்பட்டவரின் உரிமையை வகுப்பறைக் கேள்வியாக்கிய துணிவு அந்நூற்றாண்டில் வேறெங்கே இருந்தது?

அவருடைய தோழர் தோமிங்கோ தே சோத்தோ 1545-இல் ஏழைகளுக்காக ஒரு நூல் எழுதினார். பிச்சை கேட்போரைச் சொந்த ஊருக்குள்ளேயே அடைக்கும் சட்டத்தை அதில் எதிர்த்தார். அவரே 1551-இல், அரிஸ்டாட்டிலின் இயற்பியலுக்கு எழுதிய உரையில், விழும் பொருளின் வேகம் சீராக ஏறுகிறது என்றார். கலிலேயோ அப்போது பிறக்கவில்லை. 1561-ஆம் ஆண்டு விதிகளோ, மாணவர் வாக்கு விரும்பினால் வானியல் வகுப்பில் கொப்பர்னிக்கசைப் படிக்கலாம் என்றன.

இந்தப் பொன்னொளிக்கு அடியில் இருளும் இருந்தது. சாலமான்காவில் வானியல் அட்டவணை தொகுத்த யூத அறிஞர் ஆபிரகாம் சாக்குத் 1492-இல் தம் மக்களோடு நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார். அவரை ஏற்ற போர்த்துக்கலில் அவ்வட்டவணை அச்சாகி, இந்தியக் கடல்வழி தேடிய மாலுமிகளுக்குத் துணையாயிற்று.

அந்த இருளை நேருக்கு நேர் கண்டவர் அகுஸ்தீனார் சபைத் துறவி லூயிஸ் தே லெயோன். அவருடைய முன்னோரில் மதம் மாறிய யூதர் இருந்தனர். கன்னியர் ஒருவருக்காக ‘இனிமைமிகு பாடல்’ என்னும் விவிலிய நூலை எபிரேய மூலத்திலிருந்து ஸ்பானிய மொழியில் பெயர்த்தார். இலத்தீன் வுல்காத்தா பதிப்பில் பிழை உண்டு, மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று கற்பித்தார். இவ்விரண்டும் குற்றமாயின. 1572 மார்ச்சில் சமய விசாரணை மன்றம் அவரையும், எபிரேயம் அறிந்த தோழர் இருவரையும் சிறைப்பிடித்தது. அவர்களில் கஸ்பார் தே கிராஹால் சிறையிலேயே உயிர் நீத்தார். லூயிஸ் 1576 டிசம்பரில் விடுதலையானார். மீண்டு வந்து முதல் வகுப்பில் அவர் சொன்னதாக வழங்கும் ‘நேற்று நாம் சொன்னதுபோல’ என்னும் வாசகம் பிற்காலத்தார் கூற்று. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் மீண்ட பின் செய்த வேலை. 1583-இல் ‘கிறிஸ்துவின் பெயர்கள்’ நூலை வெளியிட்டார். 1588-இல் அவிலா நகர்ப் புனித தெரேசாவின் நூல்களைப் பதிப்பித்தார். யோபு ஆகமத்துக்கு உரை வகுத்தார். குற்றமற்றவன் ஏன் துன்புறுகிறான் என்று யோபு கேட்ட கேள்வியைத் தம் உடலால் அறிந்தவர் எழுதிய உரை அது.

நம் கல்லூரியின் இளம் ஆசிரியர்களே, தூணடியில் நில்லுங்கள். வகுப்பு முடிந்து மணி அடித்தபின் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து கேட்பாளானால், அந்தக் கேள்விக்காகவே நீங்கள் அன்று வந்தீர்கள் என்று கொள்ளுங்கள். வரலாற்றுத் துறையினர் ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் பயில முன்வர வேண்டும். நம் கடற்கரையின் 16-ஆம் நூற்றாண்டு அம்மொழி மடல்களில் கிடக்கிறது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, கல்வி மிகுந்து அன்பு குறைந்தோரிடம் பித்தனைப்போல் கூவ விரும்புவதாகச் சவேரியார் சொல்கிறார். நம் மூதாதையரின் நிலை கண்டு எழுந்த கூவல் அது.

நான் தொடக்கத்தில் சொன்ன உறவினர் மார்த்தின் தே அஸ்பில்குவேத்தா. ‘நவார்ரோ மாமேதை’ என்று ஐரோப்பா போற்றிய திருச்சபைச் சட்ட வல்லுநர் அவர். சாலமான்காவிலும் பின்னர் கொயிம்பிராவிலும் கற்பித்தார். 1540-இல் லிஸ்பனில் கப்பலுக்குக் காத்திருந்த சவேரியார் அவருக்கு மடல் எழுதினார். அமெரிக்க வெள்ளியும் பொன்னும் பெருகியதே ஸ்பெயினில் விலை ஏறக் காரணம் என்று 1556-இல் முதலில் தெளிவாக எழுதியவர் இவரே. இதை 1952-இல் உலகறியச் செய்தவர் மார்ஜோரி கிரைஸ்-ஹட்சின்சன் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர். ஆனால் என் மனம் தங்குவது அஸ்பில்குவேத்தாவின் முதுமையில். தொலேதோ பேராயர் பர்த்தலோமே கர்ரான்சாவைச் சமய விசாரணை மன்றம் 1559-இல் கைது செய்தபோது, அவருக்காக வாதாட முன்வந்தவர் அஸ்பில்குவேத்தா. 1567-இல் வழக்கு ரோமுக்கு மாறியது. எழுபது வயதைக் கடந்திருந்த அவர், மன்னர் இரண்டாம் பிலிப்பின் மனக்கசப்பைப் பொருட்படுத்தாமல், கட்சிக்காரரோடு அங்கே போனார். 1576 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பேராயர் சில நாளில் இறந்தார். வழக்கறிஞர் ஸ்பெயினுக்குத் திரும்பவில்லை. ரோமிலேயே தங்கி, ஏழைகளுக்கு ஈந்து, 1586-இல் தம் 93-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.