குழிக்கு அப்பால் உள்ள நீர்: கல்குவாரி அனுமதியும் மீஞ்சூர் அனுபவமும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல்குவாரி கிடையாது. அங்கே காலடியில் இருப்பது ஆற்று வண்டலும் கடல் மணலும்தான். ஆனால் அந்தக் கரை முழுக்கப் பாறை குவிந்திருக்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், திருவொற்றியூரின் தூண்டில் வளைவுகள் எல்லாவற்றுக்கும் கல் உள்நாட்டிலிருந்தே வந்தாக வேண்டும். கல்லை வாங்கும் இந்த வடசென்னை தன் நிலத்தடி நீரை எப்படி இழந்தது என்பது, கல்லைத் தரும் ஊர்கள் அவசியம் படிக்க வேண்டிய வரலாறு. புதிய குவாரிக்கு அனுமதி தரும்போது நீர்மட்டத்தையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் அமைந்த கிணற்று வயல்கள் சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் தந்தன. அளவுக்கு மீறி இறைத்ததில், மீஞ்சூர்ப் பக்கம் 1969இல் கடல்நீர் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. உள்ளே வந்திருந்தது, 1983இல் அது 9 கி.மீ. ஆனது. இதன் இயற்பியல் எளியது. கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீர் தள்ளி நிற்கும். மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே உப்பு அந்த 40 மீட்டரும் ஏறிவரப் பார்க்கும். பம்பு வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. ஆனாலும் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் 1987இல்தான் வந்தது. 2010இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நிலத்தடியில் விலையில்லாமல் கிடைத்ததைக் கடலிலிருந்து மின்சாரம் செலவழித்து எடுக்கிறோம்.

மேற்பரப்பு நீருக்கும் இதே கதிதான். கொசஸ்தலையாற்றின் கடைமடையில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து ஆலை எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து, மீனவர்களின் வலையிலும் படகிலும் ஒட்டியது. ஆலையின் மதில் எங்கே முடிகிறது என்று வெள்ளம் பார்ப்பதில்லை.

மீஞ்சூர் வண்டல் நிலம், குவாரி கடும்பாறை நிலம். இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடும்பாறையில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே நீர் விரிசல்கள் வழியாக ஓடுகிறது. குழி நீர்மட்டத்துக்குக் கீழே போய், ஊறும் தண்ணீரை இறைக்கத் தொடங்கினால், பக்கத்துக் கிணறு நிறைந்திருக்க, விரிசல் ஓடும் திசையில் அடுத்த ஊர் ஆழ்துளைக் கிணறு வற்றலாம். 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது, நல்ல தீர்ப்பு. அதன்பின் வந்த விதிகள் 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரு தொகுப்பாகக் கொள்கின்றன. அந்த 500 மீட்டர் நிர்வாக வசதிக்கான தூரம். பாறை விரிசலுக்கு அது பொருந்தாது.

கைவிட்ட குழி ஏரியாகிவிடும் என்பது இன்னொரு வாதம். 2019 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தது உண்மை. தோண்டி முடித்த பின் தேங்கியது அந்தத் தண்ணீர். தோண்டும் காலத்தில் சுற்றுக் கிணறுகள் படும் பாட்டுக்கு அது பதிலாகாது.

எனவே அனுமதிக்கு முன்பே வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சுற்றுக் கிணறுகளின் மட்டத்தை அளந்து, ஊராட்சியில் பதிய வேண்டும். இறைக்கும் நீர், மண் படியும் குட்டையைக் கடந்த பிறகே ஓடைக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிணற்று மட்டம் எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் பம்பு நிற்கும் என்பதை அனுமதி ஆணையிலேயே எண்ணில் எழுத வேண்டும். மாநிலம் முழுமைக்குமான 2003 நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. அந்த நிலையில் கிராமத்துக் கிணற்றுக்கு அனுமதி ஆணையின் நிபந்தனையே காப்பு. அதில் எண் இல்லையென்றால் அனுமதி தரக் கூடாது.