அலுமினியப் படகின் மரப் பின்பலகை

போர் விமானங்கள் கட்டிவந்த அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம், 1945இல் அலுமினியத் தகட்டில் சிறுபடகுகள் செய்யத் தொடங்கியது. அதன்பின் ஏரிகளில் உலோகப் படகு வேகமாகப் பரவியது. ஆனால் மோட்டாரின் எடையையும் உந்துவிசையையும் மெல்லிய தகடு மட்டும் தாங்காது. எனவே டிரான்சம் எனப்படும் பின்புறத் தகட்டோடு பிளைவுட் பலகை சேர்த்து இறுக்கப்பட்டது. மக்காத படகில் மக்கும் பாகம் இதுதான்.

போல்ட் துளைகள் வழியே நீர் கசிந்து பலகையை ஊறவைக்கும். மோட்டாரைப் பிடித்து ஆட்டினால் தகடு நெளியும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் மரம் ஈர உமியாய் உதிரும். ரிவெட்டுகளைக் கழற்றி, பழைய பலகையையே அச்சாக வைத்துப் புதியது அறுக்கப்படும்.

மக்காதிருக்க மருந்தேற்றிய மரம் இங்கே உதவாது என்பதுதான் வேடிக்கை. 1933இல் டேராடூனில் சொண்டி காமேசன் உருவாக்கிய செம்பு-குரோமியம்-ஆர்செனிக் மருந்து உலகெங்கும் மரத்தைக் காத்தது. ஆனால் ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். ஆர்செனிக் காரணமாக அமெரிக்க வீட்டுப் பயன்பாடுகள் பெரும்பாலானவற்றில் 2003 இறுதியோடு அது விலக்கப்பட்டது. மாற்றாக வந்தவற்றில் செம்பு இன்னும் கூடுதல். அதனால் மருந்தேறாத மரைன் பிளைவுட்டுக்கு விளிம்பிலும் துளைகளிலும் எபாக்சி பூசுவதே வழக்கமாயிற்று.