இடது காலுக்கு ஓய்வு தந்த வண்டி

திருமலைக்கு ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. 1944-இல் திறந்த பழைய பாதை இப்போது இறங்குபவர்களுக்கு: 19 கிலோமீட்டர் தூரம், 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுபவர்களுக்கு 1974-இல் போட்ட இரண்டாவது பாதை. வேகமாகப் போகக் கூடாது என்பதற்காக ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரமும் வைத்தார்கள். இறக்கத்துக்குத்தான் கூடுதல் நிதானம் வேண்டும் என்று அந்தப் பன்னிரண்டு நிமிடமே சொல்லிவிடுகிறது. சித்தூர், திருப்பதிப் பக்கம் கியர் இல்லாத வண்டி வந்த கதையில் இந்த மலைக்கும் ஒரு பங்கு உண்டு.

கதை பக்கத்து ஓசூரில் தொடங்குகிறது. 1980-இல் அங்கிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. கியர் கிடையாது, கையால் பிடிக்கும் கிளட்ச்சும் கிடையாது. எஞ்சின் வேகம் கூடினால் உள்ளே சுற்றும் கிளட்ச் ஷூ விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்டால் ஸ்பிரிங் அதை உள்ளே இழுத்துவிடும். வேலை அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பால் மாடும் மாந்தோப்பும் நிறைந்த சித்தூர் மாவட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு பக்கமும் பால் கேன், முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை. அந்தச் சுமையோடு சந்துக்குச் சந்து நின்று நின்று போகிறவருக்குக் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கக் கை ஏது? ஜப்பானிலும் இதே கணக்குத்தான். 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியில் கிளட்ச் நெம்பு இல்லை. சோபா நூடுல்ஸ் தட்டை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டுகிறவரை மனதில் வைத்து அதைச் செய்தார்கள் என்பார்கள். அந்த வரிசை வண்டிகள் 2017-க்குள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன. கியர் இல்லாத வண்டியைச் சோம்பேறி வண்டி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒரு நாள் பால் கேனோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

1984-இல் கைனடிக் ஹோண்டா வந்தது. 98 சிசி எஞ்சின், பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட், கியருக்குப் பதில் பெல்ட். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவில் பெல்ட். வேகம் கூடக் கூட முன் கப்பிக்குள் இருக்கும் சின்ன உருளைகள் வெளிப்பக்கம் ஓடி, கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பின் கப்பியில் அதே அளவுக்குக் கீழே இறங்கும். கியர் மாறுவதே தெரியாமல் வண்டி போய்க்கொண்டிருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1983-இல், திருப்பதியில் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது. புடவையோ தாவணியோ கட்டிக்கொண்டு கிக்கர் உதைக்காமல் ஓட்டக்கூடிய வண்டி என்றால் அந்த ஊருக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. 2001-இல் ஹோண்டா ஆக்டிவா வந்த பிறகு இந்த வகை வீட்டுக்கே பொதுவான வண்டியானது. காலையில் அம்மா, மாலையில் மகன், ஞாயிற்றுக்கிழமை தாத்தா.

மலை மட்டும் சமாதானமாகவில்லை. கியர் வண்டியை இரண்டாவது கியரில் போட்டு இறக்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெல்ட் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும். அப்புறம் வண்டி தானாக உருளும். பிரேக் ஒன்றுதான் துணை. வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்தபடியே டபுள்ஸ் இறங்கினால் டிரம் சூடேறும், பிடிப்பு குறையும்.

கியரின் பிடிப்பையும் கிளட்ச் இல்லாத வசதியையும் சேர்த்துப் பார்க்க முயன்றதும் உண்டு. 2009-இல் டிவிஎஸ் ஜைவ் வந்தது: மோட்டார் சைக்கிள்தான், நான்கு கியரும் உண்டு, கையில் மட்டும் கிளட்ச் இல்லை. சில ஆண்டுகளில் சந்தையை விட்டே போய்விட்டது. வெளிநாட்டில் ஹோண்டா 2012-இல் என்சி700எக்ஸ் வண்டியை இரட்டைக் கிளட்ச்சோடும் விற்றது. கியரைத் தானே மாற்றும், அன்றாட ஓட்டத்துக்கான நடுத்தர வண்டி. அந்த நுட்பம் இந்தியாவுக்கு 2017-இல் ஆஃப்ரிக்கா ட்வின் வழியாக வந்தபோது விலை சுமார் 13 லட்சம் ரூபாய். நடுத்தரக் குடும்பம் எட்டிப்பார்க்கும் விலையா அது?

இதற்கிடையில் மாவட்டமே மாறிக்கொண்டிருந்தது. பட்டன் ஸ்டார்ட்டுக்கு பேட்டரி வேண்டும். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம் 2000-இல் அமரான் பேட்டரியைக் கொண்டுவந்தது. சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் போனால் வரும் கோலார் மாவட்டத்து நரசாபுராவில் 2013-இல் ஹோண்டா ஆலை திறந்தது. 1960 எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழகத்துக்கு வர, பதிலுக்கு ஆந்திராவுக்குப் போன பகுதி சத்தியவேடு. அங்கே 2018-இல் ஹீரோ மோட்டோகார்ப் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2022 ஏப்ரலில் சத்தியவேடு புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அறிமுகமான விடா வி1 மின்சார ஸ்கூட்டர் அந்த ஆலையில்தான் உருவானது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடலாம்.

பேட்டரி வண்டிக்கு கியரும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. ஆனால் பல வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அந்த விசையில் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கும் திரும்புகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் இந்தப் பிடி குறையும் என்பதையும் வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷோரூமிலிருந்து அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்பினால் இதெல்லாம் தெரியாது. பின்னால் ஒருவரை உட்கார வைத்து, கபில தீர்த்தத்திலிருந்து அலிபிரி வரை அந்த ஏற்றத்தில் போய், திரும்பும்போது ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும். வண்டி உருண்டு ஓடுகிறதா, பிடித்து இறங்குகிறதா என்று அந்தச் சரிவிலேயே தெரிந்துவிடும்.