அணைத்து வையுங்கள்: ஒரு விதியின் வரலாறு

விமானம் ஓடுபாதையை நோக்கி நகரத் தொடங்கும்போது ஒலிக்கும் அந்த அறிவிப்பைப் பயணிகள் பலரும் ஏதோ சடங்கில் ஓதப்படும் மந்திரத்தைக் கேட்பதுபோலவே கேட்டு வந்திருக்கிறார்கள். செல்பேசியை அணைக்காவிட்டால் ஆபத்து என்பதை முழுமையாக நம்பியவர்கள் குறைவு. வாய்விட்டு மறுத்தவர்களும் குறைவு. சட்டைப்பையில் கிடக்கும் சிறு பொருளொன்று இத்தனை பெரிய இயந்திரத்தை வழிதவறச் செய்யுமெனில், அதை உள்ளே கொண்டுவரவே ஏன் விடுகிறார்கள்? கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொள்பவர்கள் செல்பேசியை விட்டுவைத்தது எப்படி? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், செல்பேசி என்ற சொல்லே பிறந்திராத காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது செல்பேசியன்று, பண்பலை வானொலிப் பெட்டி.

1950களின் இறுதியில், மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிகளைப் பயணிகள் விமானத்துக்குள் கொண்டுவரத் தொடங்கினர். அக்கால விமானிகள் திசையறிய நம்பியிருந்தவற்றுள் முதன்மையானவை வி.ஓ.ஆர். எனப்படும் தரை நிலையங்கள். அவை 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையெண்களில் இயங்குபவை. பண்பலை வானொலியோ 88 முதல் 108 வரை. ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மோதலுக்கு இடமில்லை. ஆனால் வானொலிப் பெட்டி நாம் நினைப்பதுபோல வெறுமனே கேட்கும் கருவியன்று. தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வெளியிலிருந்து வரும் அலையோடு அதைக் கலந்து, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டிலிருந்தே அது ஒலியைப் பிரித்தெடுக்கிறது. பண்பலைப் பெட்டிகளில் அந்த வேறுபாடு வழக்கமாக 10.7 மெகாஹெர்ட்ஸ். ஆக, 100 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டி, 110.7இல் தானும் மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. அந்த முணுமுணுப்பு சன்னல் வழியே கசிந்து, விமானத்தின் வெளிப்புறத்திலுள்ள அலைவாங்கியை எட்டினால், தொலைவிலுள்ள நிலையத்தின் மெலிந்த குரலோடு அது கலந்துவிடும். திசைகாட்டும் முள் பிசகக்கூடும்.

இதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. ஒரு கூட்டல் கணக்கு, அவ்வளவே. அந்தக் கணக்கை ஏற்றுத்தான் அமெரிக்காவின் விமானத் துறை 1961இல் பயணிகளின் பண்பலை வானொலிகளுக்குத் தடை விதித்தது.

பிற்பாடு விதி விரிந்தது. எல்லா மின்னணுக் கருவிகளையும் அது தன் வலைக்குள் இழுத்துக்கொண்டு, நான்கைந்தை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது: காதுகேள் கருவி, இதயமுடுக்கி, குரல்பதிவுக் கருவி, மின்சவரக் கருவி. (இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம், இதயமுடுக்கியையும் சவரக் கருவியையும் ஒரே வரியில் வைத்தெழுதிய அந்த அதிகாரியின் நிதானத்தை வியந்திருக்கிறேன்.) ஏனைய கருவிகளைப் பொறுத்தவரை, அவை குறுக்கிடாதவை என்று விமான நிறுவனமே தீர்மானித்தால் அனுமதிக்கலாம் என்றது விதி. இந்த இடத்தில்தான் ஐம்பதாண்டுக் குழப்பத்தின் வேர் இருக்கிறது. சந்தைக்கு வரும் ஒவ்வொரு கருவியையும் தன்னிடமுள்ள ஒவ்வொரு விமான வகையோடும் பொருத்திச் சோதித்துப் பார்ப்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டுபடியாகாது. ‘அணைத்து வையுங்கள்’ என்று சொல்வதற்கோ ஒரு காசும் செலவில்லை. விமானங்கள் மாறின, வானொலிப் பெட்டி மறைந்தது, விதி மட்டும் நிலைத்தது. மூல நூல் முழுதும் கிடைக்காமல் உரையாசிரியர்களின் மேற்கோள்களில் மட்டும் எஞ்சிய நூல்களை நாம் அறிவோம். இங்கே மூலம் மறக்கப்பட்டு, உரை தனியே உலவிக்கொண்டிருந்தது.

செல்பேசியின் கதை வேறு. 1991இல் பறக்கும் விமானத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாதென்று தடுத்தது அமெரிக்காவின் விமானத் துறையன்று, தகவல்தொடர்பு ஆணையம். அதன் கவலை விமானத்தைப் பற்றியதுமன்று. தரையிலிருக்கும் பேசி அருகிலுள்ள சில கோபுரங்களோடு மட்டுமே உறவாடும். பல ஆயிரம் அடி உயரத்திலிருப்பதோ ஒரே நேரத்தில் எண்ணற்ற கோபுரங்களின் கண்ணில் படும். அதனால் கீழேயுள்ள வலையமைப்பு குழம்பும் என்பதே காரணம். ஆக, விமானத்தைக் காக்க ஒரு விதி, கோபுரங்களைக் காக்க ஒரு விதி. இரண்டும் பயணியின் காதில் ஒரே வாக்கியமாக விழுந்தன. இந்த இரண்டாவது தடையை நீக்கும் முன்மொழிவு 2013இல் வந்து, 2020இல் கைவிடப்பட்டது.

சரி, ஆபத்து உண்டா, இல்லையா? சான்றுகளைப் பார்த்தால் எந்தக் கட்சிக்கும் முழு வெற்றி இல்லை. 1995இல் ஒரு பயணியின் மடிக்கணினியால் போயிங் 737 ஒன்றின் தானியங்கிச் செலுத்தி விடுபட்டுப் போவதாகப் புகார் வந்தது. போயிங் நிறுவனம் அந்தக் கணினியையே அப்பயணியிடமிருந்து விலைக்கு வாங்கி ஆய்வகத்தில் அளந்து பார்த்தது. அதன் கசிவு, விமானக் கருவிகளுக்கு விதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தது. பிறகு அதே விமானத்தில் அதே கணினியை வைத்து இருமுறை பறந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1998இல் ஒரு 747 விமானம் தானாக ஒருபுறம் சாய்ந்து திரும்பியது. ஒரு பயணியின் கையடக்கக் கணினியை அணைத்ததும் சரியாயிற்று. விமானியறைக்குக் கொண்டுவந்து போட்டும் அணைத்தும் பார்த்தபோது கோளாறும் வந்தும் போயும் கொண்டிருந்தது. அதே வகைக் கணினியை வாங்கிச் சோதித்தபோதோ அது மீண்டும் நிகழவேயில்லை. விமானிகளைப் பொய்யர் என்பதா, ஆய்வகத்தைக் குருடு என்பதா? கருவியின் பழுது, அது இருந்த இருக்கை, கம்பிகளின் தேய்மானம் என்று பல தற்செயல்கள் ஒருங்கே கூடினால் மட்டும் தோன்றும் ஒன்றை வேண்டும்போது வரவழைக்க முடிவதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

‘செல்பேசியால் எந்த விமானமும் விழுந்ததில்லை’ என்று நகைப்பவர்கள் நியூசிலாந்தின் ஒரு விபத்தறிக்கையைப் படிக்க வேண்டும். 2003 ஜூன் 6 அன்று மாலை, பாமர்ஸ்டன் நார்த்திலிருந்து கிரைஸ்ட்சர்ச்சுக்கு வந்த சிறு பைப்பர் விமானமொன்று, ஓடுபாதைக்குச் சற்று முன்பாகவே தாழ்ந்து மரங்களில் மோதியது. பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தனர். விமானி தன் செல்பேசியிலிருந்து வீட்டுக்கு அழைத்திருந்தார். கடைசி மூன்று நிமிடங்களும் அந்த இணைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. தரையிறங்க வழிகாட்டும் கருவி அதனால் தவறாகக் காட்டியிருக்கக்கூடும் என்று விசாரணை ஆணையம் எழுதியது. அவர் தன் உயரமானியைக் கவனிக்கத் தவறியதையும் சுட்டியது. ‘கூடும்’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எட்டு உயிர்களுக்கு எதிரே வைக்கப்பட்ட அந்த ஒற்றைச் சொல்லின் நேர்மை எனக்கு இரு தரப்பின் உறுதிமொழிகளையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

மறுபக்கம், தடையை யார் மதித்தார்கள்? கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2003இல் அலைகளை அளக்கும் கருவியொன்றைக் கைப்பையில் மறைத்துவைத்து 37 விமானங்களில் பயணம் செய்தார்கள். ஒவ்வொரு பயணத்திலும் சராசரியாக ஒன்று முதல் நான்கு அழைப்புகள் வரை போய்க்கொண்டிருந்தன என்று 2006இல் வெளியிட்டார்கள். 2013இல் அமெரிக்காவில் கேட்டபோது பயணிகளில் 30 விழுக்காட்டினர், தற்செயலாகக் கருவியை அணைக்காமல் விட்டதுண்டு என்று ஒப்புக்கொண்டனர். எல்லாரும் மீறிய விதி ஒன்று, மீறப்படாதது போன்ற பாவனையில் நாள்தோறும் அறிவிக்கப்பட்டு வந்தது.

முடிச்சு அவிழ்ந்தது வேறொரு பக்கத்திலிருந்து. பயணியின் கருவி தீங்கற்றது என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. விமானம் அதைத் தாங்கவல்லதா என்று கேள்வி திருப்பிப் போடப்பட்டது. பொறியாளர்கள் இதற்கான அளவுகோலை 2007இல் வகுத்தார்கள். வலிய ரேடார் அலைகளையும் மின்னலையும் தாங்கும்படிக் கட்டப்பட்ட புதிய விமானங்கள் பலவற்றுக்கு இந்தச் சிறு கசிவு ஒரு பொருட்டாக இல்லை. 2008 மார்ச்சில் எமிரேட்ஸ் நிறுவனம் துபாயிலிருந்து காசாபிளாங்கா சென்ற விமானத்தில், உள்ளேயே அமைத்த சிறு நிலையத்தின் வழியாகச் செல்பேசியில் பேசவே அனுமதித்தது. 2013 அக்டோபர் 31 அன்று, வாயிலிலிருந்து வாயில்வரை கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. ‘விமான நிலை’யில் வைத்திருந்தால் போதும் என்று 2014 ஏப்ரலில் இந்தியாவும் ஒப்பியது.

இது வெறும் சொல்மாற்றமன்று. அதே 2014இல், போயிங் 737, 777 வகைகளின் ஒருசாரார் காட்சித்திரைகள் வைஃபை அலைகளால் வெறுமையாகிவிடக்கூடும் என்று சோதனையில் தெரியவந்தபோது, பயணிகளைக் கணினியை மூடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட விமானங்களில் திரைகளை மாற்றும்படி உத்தரவிட்டார்கள். பழைய வழக்கப்படி இருந்திருந்தால் அறிவிப்பில் இன்னொரு வரி சேர்ந்திருக்கும்.

அலையைப் பற்றிய இந்த நெடிய விவாதத்தில், கருவிக்குள் இருந்த நெருப்பை நெடுநாள் யாரும் அதிகம் பேசவில்லை. மெய்யான ஆபத்து லித்தியம் மின்கலத்தில் இருந்தது. அலைகளுக்கு இல்லாத ஐயமறு சான்று இதற்கு உண்டு: புகை, தீ, கருகிய கூரை. 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து புகை வந்தது. பையொன்றில் இருந்த சாம்சங் நோட் 2 செல்பேசி. பணியாளர்கள் தீயணைப்பானால் அடக்கி, அதைக் கழிவறைக்குக் கொண்டுபோய் நீர் நிறைந்த கலத்தில் அமிழ்த்தினார்கள். விமானம் சென்னையில் பத்திரமாக இறங்கியது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் அவ்வாறு தப்பவில்லை. பின்பகுதிப் பெட்டியில் பற்றிய தீ கூரையை எரித்தது. உள்ளிருந்த 176 பேரும் சறுக்குகளில் இறங்கி உயிர்பிழைத்தனர். ஐயம் ஒரு பவர் பேங்கின்மீது விழுந்தது.

இப்போது அறிவிப்பு மாறிவருகிறது. பவர் பேங்கை மேற்பெட்டியில் வைக்காதீர்கள் என்று கொரியா 2025 மார்ச்சிலிருந்தும், விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே கூடாதென்று எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் சொல்கின்றன. பயணிகள் இதையும் அதே பழைய முகபாவத்தோடுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.