காரையில் எடுத்த கல்

என் மேசை மேல் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கல் இருக்கிறது. துப்பாக்கித் தோட்டா மாதிரி வழவழப்பாக, ஒரு முனை கூராக இருக்கும். 1994-இல் பெரம்பலூர் பக்கம் வேலை பார்த்தபோது, பாடாலூரை அடுத்த காரை கிராமத்தின் களிமண் மேடுகளில் சுற்றிவிட்டு, ஆசைப்பட்டு எடுத்து வந்தது.

எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பி கிடைக்காது. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. காரை அப்படியில்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. என்னிடம் உள்ள கல், அந்தக் கடலில் நீந்திய பெலம்னைட்டின் உள்ளோட்டுத் துண்டு. பெலம்னைட் நம் கணவாய்க்கு உறவு.

கணவாய் இனங்களைத் தின்று வாழ்ந்த பெரிய உயிர் ஒன்றும் அதே கடலில் இருந்தது. அதுதான் இக்தியோசர். கிரேக்கத்தில் 'மீன் பல்லி' என்று பொருள். பார்க்க ஓங்கில் போல இருந்தாலும் அது ஊர்வன வகை. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரவேண்டும். முட்டையிடக் கரையேறாமல் கடலிலேயே குட்டி போட்டது. வயிற்றில் குட்டிகளோடு கல்லாகிப்போன எலும்புக்கூடுகள் ஜெர்மனியில் கிடைத்திருக்கின்றன. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இக்தியோசர்களோ அதற்கும் வெகு முன்பே, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டன.

குஜராத்தின் கச்சுப் பகுதியில் ஏறத்தாழ முழு இக்தியோசர் எலும்புக்கூடே கிடைத்தது. அந்தச் செய்தி 2017-இல் வெளியானது. நம் ஊட்டத்தூர், காரைப் பக்கம் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சில முதுகெலும்புத் துண்டுகளை வைத்து, 1879-இல் ரிச்சர்ட் லைடெக்கர் 'இக்தியோசரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். அவ்வளவு சொற்பத்தைக் கொண்டு தனி இனம் என்று சொல்ல முடியாது என்றார்கள் பின்னால் வந்தவர்கள். 2011-இல் காரையில் கிடைத்த பற்களைப் பற்றிய ஆய்வு வந்தது. ஆக, நம்மிடம் இருப்பதெல்லாம் துண்டு துணுக்குதான். அதனால் ஒவ்வொரு துணுக்கும் கணக்கு.

போன மாதம் பேரன் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தான். "எந்த மேட்டுல எடுத்தீங்க தாத்தா? பக்கத்துல வேற என்ன கிடந்துச்சு?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்று தெரிந்தால்தான் அதன் காலமும் கதையும் தெரியும். முப்பது வருடமாக நான் அதைக் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன்.

'காரை, 1994, இடம் நினைவில்லை' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அங்கே கொடுத்துவிட எண்ணம். நீங்கள் காரைக்குப் போனால் பாருங்கள், படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.