ஓடாவிக்கா, அதிகாரிக்கா? ஆங்கிலேயக் கடற்படையின் மாதிரிக் கப்பல்கள்

கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் கடற்படை நிர்வாக வாரியத்தின் பெயரால் 'நேவி போர்டு மாதிரிகள்' எனப்படும் மரக் கப்பல்களுக்குத் தனி மதிப்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இவை செய்யப்பட்டன. பெரும்பாலானவை 1:48 அளவில் அமைந்தவை. கப்பலின் ஓர் அடி மாதிரியில் கால் அங்குலமாகச் சுருங்கும். உடலின் கீழ்ப்பகுதியில் பலகை அடிக்காமல் விலாச்சட்டங்களை வெளியே தெரியும்படி விட்டிருப்பதுதான் இவற்றின் அடையாளம். எலும்புக்கூடு போல் தெரியும் இந்த அமைப்பைக் கண்டவர்கள், கப்பல் தச்சர்களான ஓடாவிகள் முதலில் மாதிரியைச் செய்து, அதைப் பார்த்தே கப்பலைக் கட்டினார்கள் என்று நெடுங்காலம் நம்பினர். சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. இவை கட்டுபவனுக்கு வழிகாட்டச் செய்யப்பட்டவை அல்ல. வரைபடம் படிக்கத் தெரியாத, ஆனால் பணம் ஒதுக்கும் அதிகாரம் கொண்ட மனிதரை இணங்கவைக்கச் செய்யப்பட்டவை.

முதல் சான்று அந்த விலாச்சட்டங்களிலேயே இருக்கிறது. அக்காலப் போர்க்கப்பலில் ஒவ்வொரு விலாவும் பல துண்டு மரங்களால் ஆனது. கப்பலின் அடி முதுகெலும்பான ஏராக்கட்டைக்குக் குறுக்கே கிடக்கும் அடிச்சட்டத்தை அணைத்தபடி அடுத்தடுத்த வளைவுத் துண்டுகள் மேலேறும். பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டிய சுவர் என்பதால் விலாக்களுக்கு இடையில் வெற்றிடம் மிகக் குறைவு. மாதிரியிலோ துண்டுகள் ஒன்றையொன்று தழுவும் இடத்தில் மட்டும் கெட்டியான பட்டை தெரியும். மற்ற இடங்களிலெல்லாம் சீரான இடைவெளி. பார்க்க அழகுதான். ஆனால் அப்படி எந்தக் கப்பல் கட்டும் துறையிலும் கப்பல் கட்டப்படவில்லை. மரத்துண்டின் நீளம் என்ன, மூட்டு எங்கே விழ வேண்டும் என்று ஓர் ஓடாவி கேட்டால் இந்த மாதிரியிடம் பதில் இல்லை. உடலின் வளைவு, பீரங்கித் துளைகளின் வரிசை, பின்புறச் சிற்பங்கள் ஆகியவற்றில் மட்டும் அது மிகுந்த கவனம் காட்டுகிறது. அதாவது, மேலதிகாரியின் கண் எங்கே போகுமோ அங்கே.

இரண்டாவது சான்று, மாதிரிகள் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பது. 1607இல் ஃபினியஸ் பெட் என்ற கப்பல் கட்டுநர் ஒரு மாதிரி செய்து தலைமைக் கடற்படைத் தளபதியிடம் கொடுத்தார். அது முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பார்வைக்குப் போயிற்று. மன்னர் மகிழ்ந்து ஆணையிட, 'பிரின்ஸ் ராயல்' 1610இல் நீரில் இறங்கியது. இடையில் போட்டியாளர்கள் பெட் மீது புகார் எழுப்பினர்; 1609இல் மன்னரே கப்பல் கட்டப்பட்டுவந்த வுல்லிச் துறைக்கு வந்து விசாரித்தார். மரம் தரமற்றது, வடிவத்தில் பிழை உண்டு என்பவை புகார்கள். தீர்ப்பு பெட்டுக்குச் சாதகமானது. மன்னரைக் கவர்ந்த மாதிரி, துறையில் கிடக்கும் மரத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லியிருக்க முடியாது என்பதே இங்கு முக்கியம். கடற்படை அலுவலகத்தில் பணியேற்ற சாமுவேல் பீப்ஸ், 1662இல் கப்பலின் உறுப்புகளைக் கற்றுக்கொண்டதும் அலுவலகத்தில் இருந்த ஒரு மாதிரியை வைத்துத்தான். பீப்ஸ் நிர்வாகி, ஓடாவி அல்ல. அடுத்த நூற்றாண்டின் 'பெலோனா' மாதிரி இன்னும் தெளிவான சான்று. அதன் அடிப்பகுதி செப்புத் தகடு போர்த்தியது. கப்பல்கள் அனைத்துக்கும் தகடு அடிக்கும் பெருஞ்செலவுத் திட்டத்துக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவைப் பெற, 1780ஐ ஒட்டி கடற்படை நிர்வாகத் தலைவர் சார்லஸ் மிடில்டன் அதைக் காட்டினார் என்று கருதப்படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கட்டவிருக்கும் கப்பலின் வரைபடத்தோடு முழுமரத்தில் செதுக்கிய ஒரு மாதிரியையும் அனுப்ப வேண்டும் என்று 1716இல் துறைகளுக்கு ஆணை பிறந்தது; அப்படியானால் மாதிரி கட்டுமானத்தின் ஒரு படிதானே என்று கேட்கலாம். படிதான், ஆனால் ஒப்புதல் வாங்கும் படி. மாதிரி துறையிலிருந்து லண்டனுக்குப் போனது. அங்கிருந்து துறைக்குத் திரும்பியது வரைபடம். அதை அச்சுத் தளம் எனப்படும் கூடத் தரையில் முழு அளவில் கீறித்தான் மரம் அறுத்தார்கள். வெறும் காட்சிப்பொருள் என்றால் வளைவுகளில் இத்தனை துல்லியம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. செய்தவர்களில் பலர் துறையின் கைவினைஞர்களே. வரைபடத்தின் கோடுகள் அவர்கள் கையில் இருந்தன. மேலும், இணங்கவைக்க வந்த பொருளில் பொய் இருந்தால் கப்பல் மிதக்கும் நாளில் அது தெரிந்துவிடும். அதனால் வளைவுக்கும் அலங்காரத்துக்கும் இவற்றைத் தயங்காமல் சான்றாகக் கொள்ளலாம். உள்கட்டமைப்புக்குக் கடலடிச் சிதைவுகளைத்தான் நாட வேண்டும். 1703 பெரும்புயலில் குட்வின் மணல்திட்டில் மூழ்கி 1979இல் கண்டறியப்பட்ட 'ஸ்டர்லிங் காசில்' அத்தகையது.

ஓடாவிக்கென்றே செய்த மாதிரியும் வரலாற்றில் உண்டு. அது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் பரவியது. நியூபரிபோர்ட்டைச் சேர்ந்த ஆர்லாண்டோ மெரில் 1794இல் அதை உருவாக்கியதாகச் சொல்வதுண்டு. பலகை அடுக்குகளைச் சேர்த்துக் கப்பலின் ஒரு பாதியை மட்டும் செதுக்குவார்கள். பிறகு அடுக்குகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் அளந்து, முழு அளவுக்குப் பெருக்குவார்கள். சிற்பம் இல்லை, பாய்மரம் இல்லை, மறுபாதியும் இல்லை. இடமும் வலமும் ஒன்றே என்பதால் அது தேவைப்படவில்லை. அளவெடுத்து முடிந்தபின் இத்தகைய பாதி மாதிரியைக் காப்பாற்றி வைக்கப் பட்டறைக்குப் பெரிய காரணம் இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் அரண்மனைக்கும் அதிகாரிகளின் மாளிகைக்கும் போனவை பத்திரமாக இருந்தன. இன்றைய சேகரிப்புகளை மட்டும் பார்த்து அக்காலக் கப்பல் கட்டும் முறையை எழுதுபவர், எஞ்சியவை எந்தக் கைகளைக் கடந்து வந்தவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.