உரிமையாளர் என்னும் வாசகர்: கார் பழுதுபார்ப்புக் கையேடுகளின் வரலாற்றில் ஒரு திருப்பம்

ஒரே காருக்குப் பல பழுதுபார்ப்புக் கையேடுகள் கிடைக்கும்போது எதனை வாங்குவது என்னும் வினா, வாங்குபவரின் தனிப்பட்ட சிக்கலாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஒவ்வொரு கையேடும் யாரை வாசகராகக் கொண்டு எழுதப்பட்டது என்று நோக்கினால் அதுவே ஒரு வரலாற்று வினாவாகிறது. உற்பத்தியாளரின் கையேட்டையும், 1960களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த இரு தனியார் நூல்களையும் முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகிறது.

உற்பத்தியாளர் வெளியிட்ட கையேட்டின் வாசகர், டீலர் பணிமனையில் பயிற்சி பெற்ற மெக்கானிக் ஆவார். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் கையேடுகள், 18ஜி எனத் தொடங்கும் எண்களைக் கொண்ட சிறப்புக் கருவிகளைப் பயன்படுத்துமாறு பல இடங்களில் பணிக்கின்றன. அக்கருவிகள் பணிமனையில் இருந்தன. வீட்டுக் கொட்டகையில் இல்லை. போல்ட்டுகளை இறுக்க வேண்டிய முறுக்குவிசை, வால்வு இடைவெளி, தேய்மான வரம்பு ஆகிய அளவுகளுக்கு இன்றும் அதுவே முதன்மைச் சான்று. ஆயினும், எந்த போல்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அனுபவமுடையவர் அறிவார் என்று கருதி அது பேசாமல் விட்டுவிடும்.

இந்த மௌனத்தை நிரப்ப முனைந்தவர் ஜான் ஹேன்ஸ். இவர் 1938இல் இலங்கையில், தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளி மாணவராக இருந்தபோதே, ஆஸ்டின் 7 காரை மாற்றியமைப்பது குறித்து 1956இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பின்னர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றுகையில், உடன் பணிபுரிந்தவர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டைச் சீரமைக்க உதவினார். உற்பத்தியாளரின் கையேடு சாதாரண உரிமையாளருக்குப் பயன்படாது என்பதை அங்கே உணர்ந்து, காரைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு படியையும் ஒளிப்படமாக எடுத்தார். அதன் விளைவாக 1966இல் வெளிவந்ததே முதல் ஹேன்ஸ் கையேடு. வண்டியை முழுமையாகப் பிரித்துப் பூட்டிப் பார்த்த பின்னரே எழுதுவது என்பது அந்நிறுவனத்தின் அடையாளமாயிற்று. எழுதியவர் வாசகரிடம் இருக்கக்கூடிய கருவிகளைக் கொண்டே அவ்வேலையைச் செய்து பார்த்திருக்கிறார் என்பதே இம்முறையின் பெறுமதி என்பது என் கருத்து.

அமெரிக்காவில் ஜான் மியூர் (இயற்கை ஆர்வலரான ஜான் மியூர் வேறு) இன்னும் ஒரு படி கீழிறங்கினார். லாக்ஹீட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர், வோக்ஸ்வாகன் கார்களுக்காக 1969இல் எழுதிய நூல், ஒன்றும் அறியாத முழு முட்டாளுக்கானது என்று துணைத்தலைப்பிலேயே கேலியாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. பீட்டர் அஷ்வாண்டனின் கையோவியங்கள் ஒளிப்படத்தின் இடத்தைப் பிடித்தன. தரையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாத சுருள்கம்பிக் கட்டு, எண்ணெய் படிந்த கைகளுடன் படிப்பவரைக் கருதியது. காற்றால் குளிரும் எளிய எஞ்சின் அமைந்த ஒரே வகை வண்டியைப் பற்றி எழுதியதால்தான் இவ்வளவு நெருக்கமான மொழி அவருக்கு வாய்த்தது என்பதையும் கருத வேண்டும்.

ஹேன்ஸ் கையேடுகளோ பல ஆண்டுகளின் பல வகைகளை ஒரே நூலில் அடக்கின. ஆகவே அவற்றை வாங்குபவர் தம் வண்டியின் உற்பத்தி ஆண்டையும் எஞ்சின் குறியீட்டையும் ஒப்பிட்டே தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. பழைய பதிப்புகள் கியர்பெட்டியைப் பிரித்துச் சீரமைக்கவும் கற்பித்தன. பிற்கால நூல்கள் பலவற்றில் அவ்வேலை வல்லுநரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஆதலால் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அதன் காலத்துப் பதிப்பே ஏற்றது. பழகிய வேலைக்கு உற்பத்தியாளரின் அளவுகளும், பழகாத வேலைக்கு இத்தகைய நூலின் வழிகாட்டலும் தேவைப்படுவதால், இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வது வீண்செலவாகாது.

வாசகரின் எல்லை இவ்வாறு சுருங்கியதற்கு மின்னணுக் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். கோளாற்றைக் கண்டறியும் தகவல் காகிதத்தைவிட்டு மென்பொருளுக்குள் நகர்ந்தது. டீலர்களுக்குத் தரும் அதே தகவலைத் தனிப் பணிமனைகளுக்கும் உரிமையாளர்களுக்கும் உற்பத்தியாளர் விற்க வேண்டும் என்னும் சட்டத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இல் ஏற்றனர். புதிய வண்டிகளுக்கான கையேடுகளை இனி அச்சில் வெளியிடுவதில்லை என்று ஹேன்ஸ் நிறுவனம் 2020இல் அறிவித்தது. சட்டத்தின்வழி உரிமையாளருக்குக் கிடைப்பது மெக்கானிக்குக்காக எழுதப்பட்ட அதே கையேடுதான்.